அருணாச்சலில் எத்தனை மொழி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வடகிழக்கு எல்லை மலைகளைப் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அருணாச்சலப் பிரதேசத்தைப் பற்றியவை. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அருணாச்சலின் மொழிகள் 26 என்று ஒரு புத்தகம் சொல்கிறது. இன்னொன்றில் ஐம்பது. இணையத்தில் நூறு என்கிறார்கள். எதை எழுதுவது?
— மதுரை வாசகி

பதில்: 26 என்பது மொழிக் கணக்கே அல்ல. மாநிலத்தின் பெரும் பழங்குடிகளின் எண்ணிக்கை அது. உட்பிரிவுகளையும் சேர்த்தால் நூறைத் தாண்டும். இணையத்தில் நீங்கள் பார்த்த நூறு அங்கிருந்து வந்தது. மொழிகளைப் பொறுத்தவரை 30 முதல் 50 வரை என்பதுதான் மொழியியலாளர்கள் பெரும்பாலும் சொல்லும் வரம்பு. எதைத் தனி மொழி என்பது, எதை வட்டார வழக்கு என்பது என்ற சண்டை முடியாதவரை ஒற்றை எண் கிடைக்காது. கேள்வித்தாளில் 'பழங்குடி' என்று கேட்கிறார்களா, 'மொழி' என்று கேட்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினாலும் குழப்பம் தீராது. அகில இந்தியப் பட்டியலில் 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழியின் பெயரே வராது. 1971 முதல் இதுதான் வழக்கம். ஷெர்துக்பென், புகுன், புரோயிக், கோரோ எல்லாம் அப்படியே 'மற்றவை'க்குள் போய்விடுகின்றன. வருகிற பெயர்களும் முழுக் கதையைச் சொல்வதில்லை. 2011 கணக்கில் 'நிஸி/தஃப்லா' (நிஷி மொழிக்கு அங்கே உள்ள பெயர்) என்ற தலைப்பில் 4,06,532 பேர் இருக்கிறார்கள். அபதானியும் தாகினும் அந்தத் தலைப்புக்குள்தான் அடக்கம். 'ஆதி' என்ற தலைப்பில் 2,48,834 பேர். காலோ மொழிக்காரர்களும் அதில் சேர்த்தி. காலோ சமூகத்தவரிடம் போய் "நீங்கள் ஆதிதானே" என்று கேட்டுப் பாருங்கள், பதில் சூடாக வரும்.

நினைவில் வைக்க ஒரு குறுக்கு வழி உண்டு, மேற்கிலிருந்து கிழக்காகப் போங்கள். பூட்டானை ஒட்டி மோன்பா, ஷெர்துக்பென், அகா, மிஜி. நடுவில் நிஷி, அபதானி, தாகின், காலோ, ஆதி. இந்த ஐந்தும் 'தானி' என்ற ஒரே கிளை. அதற்குக் கிழக்கே மிஷ்மிகள். மியான்மரை ஒட்டிய தென்கிழக்கில் சிங்போ, தாங்சா, நோக்தே, வாஞ்சோ. அதே பக்கத்துச் சமவெளியில் காம்தி. காம்தியைத் தவிர மற்ற எல்லாம் வழக்கமாகத் திபெத்-பர்மியக் குடும்பத்தில் சேர்க்கப்படுபவை. மேற்கிலும் கிழக்கிலும் உள்ள சில சிறு மொழிகளை அந்தக் குடும்பத்தில் சேர்த்ததே அவசரம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. காம்தி 'தாய்' குடும்பம் (அம்மா அல்ல, தாய்லாந்தின் தாய்).

கேள்வி: தவாங் போகிறோம். மோன்பா மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு போகலாம் என்று ஆசை. எங்கே கற்பது?
— கோவை வாசகர்

பதில்: எந்த மோன்பா மொழி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 'மோன்பா' ஒரே மக்களின் பெயர். ஒரே மொழியின் பெயர் அல்ல.

தவாங்கில் பேசுவது பூட்டானின் கிழக்கு ஓரத்திலும் திபெத்தின் சோனா பக்கத்திலும் உள்ள தக்பா மொழியோடு சேர்ந்தது. சேலா கணவாயைத் தாண்டித் தெற்கே தீராங், கலக்தாங் பக்கம் இறங்கினால் பேச்சு த்ஷாங்லா. கிழக்குப் பூட்டான்காரர்களின் ஷார்சோப் பேச்சும் இதுவே. தவாங்காரரும் தீராங்காரரும் அவரவர் பேச்சில் பேசினால் ஒருவருக்கொருவர் புரியாது. தீராங்குக்குப் பக்கத்திலேயே லீஷ், சுக் என்ற கிராமங்கள். அங்குள்ளவர்களையும் மோன்பா என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் அவர்கள் மொழிக்கு நெருங்கிய உறவு ஷெர்துக்பென்னும் சார்தாங்கும். போதாததற்கு, மேல்மலையில் யாக் மேய்க்கும் புரோக்பாக்களின் பேச்சு திபெத்திய வகை. ஆக, ஒரே பெயருக்குள் நாலு மொழி.

இத்தனை பேரையும் ஒரே பெயருக்குள் சேர்த்து வைத்தது மதமும் பழைய ஆட்சியும். 1680–81இல் எழுந்த தவாங் மடம் இந்தப் பகுதியின் வரியையும் வழிபாட்டையும் கையில் வைத்திருந்தது. திபெத்தியர் 'மோன்' என்று அழைத்த நாட்டவர் என்பதே மோன்பா.

தவாங்குக்கு மட்டும் என்றால் ஊரிலேயே தங்கும் விடுதிக்காரரிடம் கேட்டுக் கற்பதுதான் சரி. அச்சிட்ட சொற்பட்டியல் ஏதாவது கையில் கிடைத்தால், அது எந்த ஊர்ப் பேச்சு என்று அட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள். போடாத பட்டியலை நம்ப வேண்டாம். ஒரு சின்னச் சோதனை: தண்ணீர் என்ற சொல். த்ஷாங்லாவில் 'ரி'. திபெத்தியில் 'ச்சு'. ஆதியில் 'அசி'. காம்தியில் 'நாம்'; நாம்சாய் என்ற ஊர்ப் பெயரில் இருப்பது இந்த 'நாம்'தான், 'சாய்' என்றால் மணல். அடிப்படைச் சொல்லே இவ்வளவு தள்ளி நிற்கிறது என்றால் மற்றதை யூகித்துக்கொள்ளலாம்.

கேள்வி: மலையும் பள்ளத்தாக்கும் பிரித்துவிட்டதால்தான் இத்தனை மொழி என்பது சரியா?
— திருநெல்வேலி கல்லூரி மாணவர்

பதில்: பாதி சரி. காமெங், சுபன்சிரி, சியாங், திபாங், லோஹித் ஆறுகள் எல்லாம் வடக்கிலிருந்து தெற்காக ஆழமாக அறுத்துக்கொண்டு வருகின்றன. பாதைகளும் அவற்றை ஒட்டியே அசாம் சமவெளிக்கு இறங்கின. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக, கீழே அசாமுக்கு வந்து மறுபடி ஏறுவதே பல இடங்களில் நடைமுறையாக இருந்தது. ஆளும் குறைவு: 9,129 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள திபாங் பள்ளத்தாக்கு மாவட்டத்தில் 2011இல் இருந்தவர்கள் 8,004 பேர். சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஆள்கூட முழுதாகத் தேறாது.

மீதிப் பாதிக்கு கோரோவைப் பாருங்கள். காமெங் பகுதியில் அகா மக்களோடு கலந்தே வாழ்கிறார்கள் கோரோ பேசுவோர். ஒரே ஊர், ஒரே உடை, பெண் கொடுத்து எடுக்கும் உறவு. வெளியாள் கேட்டால் தங்களையும் அகா என்றே சொல்வார்கள். இரண்டு மொழிக்கும் உடல் உறுப்பு, எண்கள் போன்ற அடிப்படைச் சொற்கள்கூட ஒத்துப்போவதில்லை. 2008இல் அங்கே போன கிரெகரி ஆண்டர்சன், டேவிட் ஹாரிசன், கணேஷ் முர்மு குழு பதிவு செய்து 2010இல் அறிவித்தபோதுதான் வெளியுலகில் இது செய்தியானது. அப்போது பேசுவோர் 800 முதல் 1,200 பேர் என்றார்கள். அகா வீட்டுக்கும் கோரோ வீட்டுக்கும் நடுவில் மலை எதுவும் இல்லை.

இன்னொரு உதாரணமும் உண்டு. மிஷ்மி என்ற ஒரே பெயரில் இடு, தராவோன், கமான் என்று மூன்று பிரிவு. இடுவும் தராவோனும் உறவு மொழிகள். கமான் தனி, அதற்கு நெருக்கம் லோஹித் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் உள்ள மேயோர்களின் மொழி. ஆனால் தராவோனும் கமானும் அருகருகே வாழ்பவர்கள், பழக்கவழக்கமும் ஏறக்குறைய ஒன்று. இனம் வேறு கோட்டில் ஓடுகிறது, மொழி வேறு கோட்டில். வரைபடத்தில் ஒரே வண்ணம் பூசி 'மிஷ்மி மொழி' என்று எழுதியிருந்தால், வரைந்தவர் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டார் என்று அர்த்தம்.

கேள்வி: எங்கள் கல்லூரி அலுவலகத்தில் அருணாச்சல் மாணவர் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். விண்ணப்பத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். எந்தச் சொல்லை எங்கே போடுவது என்று ஒவ்வொரு முறையும் தகராறு.
— சென்னை வாசகி

பதில்: இனிஷியலை விரித்து எழுதச் சொல்லி வடக்கே நாம் படும் பாட்டை நினைத்துக்கொண்டால் அவர்கள் சிரமம் புரியும். ஒரே விதி இல்லை. சமூகத்துக்குச் சமூகம் மாறும்.

நிஷி, அபதானி பெயர்களில் குலப்பெயர் முன்னால் வரும். முன்னாள் முதல்வர் நபம் துகி, 2016 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் தேர்வர்களுக்கெல்லாம் பழகிப்போன முன்னாள் சபாநாயகர் நபம் ரெபியா, இருவருக்கும் 'நபம்' குலப்பெயர். கூப்பிடும் பெயர் துகி, ரெபியா. 'மிஸ்டர் நபம்' என்று ஒருவரைத் தேடினால் ஊரில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆதி, இடு பெயர்களில் பெரும்பாலும் தலைகீழ்: முன்னாள் முதல்வர்கள் கெகோங் அபாங், முகுத் மிதி என்னும்போது அபாங், மிதி ஆகியவை குலப்பெயர்கள். காம்தியில் ஆண்களுக்கு 'சௌ', பெண்களுக்கு 'நாங்' என்று மரியாதை முன்னொட்டு. நம் 'திரு', 'திருமதி' போல என்று நினைத்து அதை வெட்டிவிடக் கூடாது. சான்றிதழில் பெயரின் பகுதியாகவே பதிந்திருக்கும். மோன்பாக்களிடம் இரண்டு சொல்லும் தனிப்பெயராகவே இருப்பது சகஜம். பேமா என்றால் தாமரை, தோர்ஜீ என்றால் வஜ்ரம். பேமா ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். பெயரைப் பார்த்துப் பாலினக் கட்டத்தை நிரப்பாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் 'முழுப் பெயர்' என்று பதியுங்கள். இரண்டு கட்டம் கட்டாயம் என்றால், எது குலப்பெயர் என்று மாணவரையே கேட்டு அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுங்கள். போட்டபின் அச்சுப்படி எடுத்துப் பாருங்கள். சில மென்பொருள்கள் குடும்பப் பெயரைக் கொண்டுபோய்க் கடைசியில் ஒட்டும். 'நபம்' முன்னாலிருந்து பின்னால் போய்விடும். வங்கிக் கணக்கும் உதவித்தொகையும் பொருந்தாமல் நிற்பது இங்கேதான். இன்னொன்று, தந்தை பெயரும் மகன் பெயரும் ஒரே குலப்பெயரில் தொடங்குவதைப் பார்த்து 'தவறுதலாக இருமுறை எழுதிவிட்டார்' என்று திருத்திவிடாதீர்கள்.

இதற்கு அடியில் ஒரு பழைய முறை இருக்கிறது. தானி மக்கள் எல்லோரும் அபோ தானி என்ற மூதாதையிலிருந்து வந்தவர்கள் என்பது நம்பிக்கை. அவர்கள் வம்சாவளியில் தந்தை பெயரின் கடைசி அசை, மகன் பெயரின் முதல் அசை. விளங்குவதற்காக ஒரு பொய்ச் சங்கிலி கட்டுவோம்: தாகோ, அவன் மகன் கோமின், அவன் மகன் மின்பா, அவன் மகன் பாரி. நமக்கு இது அந்தாதி. தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்து ஒப்பிக்க இந்தக் கட்டு உதவும். நடுவில் ஒரு பெயர் விட்டுப்போனால் உடனே இடிக்கும். இரு குடும்பங்களின் சங்கிலி எந்தப் பெயரில் போய்ச் சேர்கிறது என்று பார்த்து, மணம் செய்யலாமா கூடாதா என்று தீர்மானிப்பார்கள். பள்ளிப் பதிவேடு வந்தபின் அசைச் சங்கிலியை விட்டுவிட்டுக் குலப்பெயரைப் போடுவது பரவியது.

கேள்வி: பழைய நூல்களில் 'அபோர்', 'தஃப்லா' என்று வருகிறது. மொழிபெயர்க்கும்போது அப்படியே விடலாமா?
— புதுச்சேரி வாசகர்

பதில்: மேற்கோளுக்குள் மட்டும் விடுங்கள். இரண்டும் சமவெளிக்காரர்கள் வைத்த பெயர். 'அபோர்' என்றால் அடங்காதவர் என்று பொருள். இன்று ஆதி, நிஷி என்றே எழுத வேண்டும். பழங்குடிப் பட்டியலில் தஃப்லா 2008 திருத்தச் சட்டத்தால் நிஷி ஆனது. 2021 திருத்தம் அபோரை நீக்கியது; அதே திருத்தம் மிஷ்மிக்குப் பதில் இடு, கமான், தராவோன் என்று தனித்தனியாகவும், 'நாகா பழங்குடிகள்' என்ற பொத்தாம்பொதுவுக்குப் பதில் நோக்தே, தாங்சா, துத்சா, வாஞ்சோ என்றும் எழுதியது. 'சுலுங்' என்பதையும் விடுங்கள். புரோயிக் என்பது அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர்.

கேள்வி: எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே மக்கள்தானா?
— ஈரோடு வாசகர்

பதில்: பல இடங்களில் அதே மக்கள்தான், பெயர்தான் மாறும். இந்தியாவில் சிங்போ, மியான்மரில் ஜிங்போ, கச்சின் என்ற பெரிய குடையின் கீழ், சீனாவில் 56 அங்கீகரிக்கப்பட்ட இனங்களில் ஒன்றாக ஜிங்போ. தாங்சாக்களை பாங்சாவ் கணவாய்க்கு அப்பால் தாங்ஷாங் என்கிறார்கள். வாஞ்சோக்களுக்கு நாகாலாந்தின் கோன்யாக்குகளும் மியான்மரில் உள்ளவர்களும் சொந்தம். விஜயநகர் பக்கத்து லிசுக்களின் இனத்தார் மியான்மர், சீனா, தாய்லாந்து வரை இருக்கிறார்கள். இங்கே அவர்களுக்கு யோபின் என்று இன்னொரு பெயர்.

வடக்கே கதை வேறு. இந்தியப் பட்டியல் பெயர்களைப் பிரித்துக்கொண்டே போகிறது. சீனா சேர்த்துக் கட்டிவிட்டது. 1965இல் 'லோபா' என்று ஓர் இனத்தை அங்கீகரித்தார்கள். திபெத்தியில் அதற்குப் பொருள் தெற்கத்தி ஆள். எல்லையை ஒட்டிய தானிக் கிளையாரும், அவர்கள் மொழிக்குச் சம்பந்தமில்லாத இடுவும் அதற்குள் அடக்கம். ஆகவே சீனப் புள்ளிவிவரத்தின் 'லோபா மொழி'யை இந்தியப் பட்டியலின் எந்த ஒரு மொழியோடும் நேராக ஒப்பிட முடியாது.

கேள்வி: அங்கே போனால் எந்த மொழியில் பேசுவது? எனக்கு இந்தி அரைகுறை.
— தஞ்சாவூர் வாசகி

பதில்: அரைகுறை இந்தி அங்கே போதும், ஒருவகையில் வசதியும்கூட. ஆட்சிமொழி ஆங்கிலம். ஆனால் நிஷிக்காரர் ஆதிக்காரரிடம் கடையில் பேசுவது அருணாச்சலி இந்தி. வடக்கே நம்மைத் தடுமாற வைக்கும் ஆண்பால் பெண்பால் வேறுபாடு அதில் ஏறக்குறைய உதிர்ந்துவிட்டது. 'காடி ஆத்தீ ஹை' என்பதற்கு 'காடி ஆத்தா ஹை' என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். 'நான் போவேன்' என்பதற்கு 'ஹம் ஜாயேகா' எல்லோர் வாயிலும் வரும்.

முன்பு அந்த இடத்தில் அசாமிய மொழியை ஒடித்து வளைத்த 'நெஃபாமீஸ்' இருந்தது. வடகிழக்கு எல்லைப்புற முகமை (சுருக்கமாக நெஃபா) 1972 ஜனவரி 20இல் அருணாச்சலப் பிரதேசம் என்ற ஒன்றியப் பகுதியானது. அந்தச் சமயத்தில் பள்ளிப் பயிற்றுமொழி அசாமியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாறி, இந்தியும் பாடமானது. 1962 போருக்குப் பின் குவிந்த ராணுவமும், திரைப்படமும் மீதியைச் செய்தன. இதன் விலை வீட்டுக்குள் தெரிகிறது. அம்மா ஒரு மொழி, அப்பா இன்னொரு மொழி என்றால் பிள்ளையிடம் இருவரும் இந்தியில் பேசிவிடுகிறார்கள். பூசகர்கள் சடங்கில் பாடும் பழைய நடை அன்றாடப் பேச்சிலிருந்து வெகுவாக விலகியது. அன்றாடப் பேச்சே இல்லாத பிள்ளைக்கு அது எந்தக் காலத்தில் எட்டும்?

கேள்வி: இந்த மொழிகளுக்கு எழுத்து உண்டா? வாஞ்சோ எழுத்தைத் திறந்தால் என் கணினியில் வெறும் கட்டங்களாகத் தெரிகிறது.
— சேலம் அச்சகத் தொழிலாளர்

பதில்: காம்திக்கு மரபான எழுத்து உண்டு. மோன்பாக்கள் சமயத்துக்குத் திபெத்திய எழுத்தைப் பயன்படுத்துகிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் எழுதுவது ரோமன் எழுத்தில். புதிதாக ஆக்கியவையும் உண்டு: பான்வாங் லோசு வாஞ்சோவுக்கு 2001 தொடங்கி உருவாக்கிய எழுத்து 2019இல் யூனிகோடு 12இல் சேர்ந்தது. லக்கும் மொசாங்கின் தாங்சா எழுத்து 2021இல் யூனிகோடு 14இல் சேர்ந்தது.

கட்டம் தெரிவது கோப்பின் குற்றமல்ல, எழுத்துரு இல்லாததுதான். 'நோட்டோ சான்ஸ் வாஞ்சோ'வை நிறுவுங்கள். அச்சுக்கு அனுப்பும் பிடிஎஃப் கோப்பில் எழுத்துருவைப் பதித்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் அடுத்த கணினியில் மறுபடி கட்டம்தான். பழைய வடிவமைப்பு மென்பொருள் இந்தக் குறியீட்டு எல்லையையே அறியாமல் இருக்கலாம், புதிய பதிப்பில் சோதித்துவிட்டு வேலையை ஒப்புக்கொள்ளுங்கள்.

ரோமனிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அபதானியில் சூரியன், நிலவு இரண்டையும் சேர்த்து 'தான்யி பிலோ' என்பதை ரோமனில் எழுதும்போது இரண்டாவது சொல்லில் இரண்டு 'ஐ' போடுகிறார்கள். அதைப் 'பீலோ' என்று நீட்டக் கூடாது. உதட்டைக் குவிக்காமல் சொல்லும் ஒலி அது. நம் 'பாட்டு', 'காது' சொற்களின் கடைசியில் வரும் குற்றியலுகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தமிழர் வாய்க்கு இந்திக்காரரைவிட எளிதாக வரும்.

கேள்வி: உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டுமாமே?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: வேண்டும். 1873ஆம் ஆண்டின் வங்காளக் கிழக்கு எல்லைப்புற ஒழுங்குமுறையின்படி இன்றும் நடக்கும் 'இன்னர் லைன் பெர்மிட்'. மாநில அரசின் இணையதளத்தில் புகைப்படமும் அடையாள அட்டையும் ஏற்றி விண்ணப்பிக்கலாம். பெயர் அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியலை ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும் போட்டு பாலுக்போங் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். மலைப் பாதையில் மண் சரிந்தால் இரண்டு நாள் சிக்கிக்கொள்வது சாதாரணம், தேதியைத் தாராளமாகப் போடுங்கள். இரண்டு அச்சுப்படி கையில் வைத்திருங்கள், பல இடங்களில் சிக்னல் இருக்காது. தவாங்கிலிருந்து சீன எல்லைக் கணவாயான பூம் லா போக இந்தச் சீட்டு போதாது. அங்கேயே தனி அனுமதி வாங்க வேண்டும். வெளிநாட்டவருக்கு வேறு சீட்டு, வேறு விதி.

கேள்வி: காம்திகளுக்கும் ஏப்ரல் 14தான் புத்தாண்டாமே, தமிழ்த் தொடர்பா?
— காரைக்குடி வாசகி

பதில்: இல்லை. அவர்களின் சாங்கென், தாய்லாந்தின் சோங்க்ரான், எல்லாம் சங்கராந்தி என்ற சொல்லிலிருந்து வந்தவை. சூரியன் மேஷத்தில் நுழைகிற கணக்கு நமக்கும் அவர்களுக்கும் பொது. அன்று புத்தர் சிலைகளை வெளியே எடுத்து நீராட்டுவார்கள், பிறகு ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவார்கள். நாம்சாய் பக்கம் அந்த நாட்களில் போனால் மாற்றுத் துணி கொண்டுபோங்கள்.